கமாரியா வீட்டுக் கதவு

விமானத்திலிருந்து இறங்கி என் வண்டியில் ஏறுகிறவர்கள் முதலில் கர்த்தாலா எரிமலையைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்தது கடல் ஆமை. பிறகு, இந்த நாட்டில் வேறு என்ன பார்க்கலாம் என்பார்கள். எரிமலை எங்கும் ஓடிப்போகாது, ஆமைக்கு மனசு வந்தால் அதுவே கரைக்கு வரும், முதலில் கமாரியா வீட்டில் போய் உட்காருங்கள் என்று சொல்வேன். கமிஷன் வாங்குகிறவன் பேச்சு என்று நினைத்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வீட்டுக்கு ஆள் கொண்டுபோய் இறக்கியதற்காக நான் வாங்கிய ஏச்சுக்கு எந்தக் கமிஷனும் ஈடாகாது.

என் பெயர் இபுரோய். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, தாடி முழுக்க நரை, பேரன் இருக்கிறான். ஆனாலும் எங்கள் ஊர் வழக்கப்படி நான் சின்னப் பையன். பெரிய கல்யாணம் செய்யாத ஆண்கள் எல்லோருமே எங்கள் ஊரில் பையன்கள்தான். முதலில் சாதாரணமாக ஒரு நிக்காஹ், குடும்பம், பிள்ளைகுட்டி. அதெல்லாம் சேர்த்தி இல்லை. பிற்பாடு என்றாவது ஒருநாள் சொந்த ஊர்ப் பெண் ஒருத்தியை, மாடுகள் அறுத்து, ஊரைக் கூட்டி, கழுத்து கொள்ளாமல் பொன் பூட்டிக் கட்டினால்தான் முழு மனிதன். அதற்குப் பிறகுதான் பள்ளிவாசலில் முன்வரிசை. அதற்குப் பிறகுதான் பள்ளிவாசலுக்கு எதிரே கல்மேடைகள் போட்ட ஊர்ச்சபை முற்றமான பங்க்வேயில் வாய் திறக்கலாம். என்னைப் போன்றவர்கள் அங்கே ஓரமாக நின்று கேட்கலாம், விருந்தென்றால் அண்டா தூக்கலாம். எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. கொஞ்சம் சேர்த்து வைக்கும்போதெல்லாம் வண்டியின் கியர்பாக்ஸ் அதைத் தின்றுவிடும். இப்போது அந்த ஆசை இல்லை. கமாரியா பட்ட பாட்டைப் பார்த்தபின் போய்விட்டது.

கமாரியாவின் வீடு சாலை வளைவில் இருக்கிறது. அவள் வீடு என்று நான் சொல்வது பேச்சுக்கு இல்லை. எங்கள் தீவில் வீடு பெண்ணுடையது. தாய் மூத்த மகளுக்குக் கொடுப்பாள். ஆண்பிள்ளை மூட்டையோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வான். எரிமலைக் கல்லில் எழுப்பிய சுவர், முற்றத்தில் மழைத்தண்ணீர்த் தொட்டி, தொட்டியோரம் ஒரு கறிப்பலா மரம். கமாரியா குள்ளம். முகத்தில் எப்போதும் மஞ்சள் நிறச் சந்தனக்குழம்பு அப்பியிருக்கும். குரல் மட்டும் கடற்கரை வரை கேட்கும். வாசலில் அடுப்பு வைத்துக் கறிப்பலாவும் மீனும் சுட்டு விற்றாள். தாய் இறந்தபோது தம்பி தோய்ஹிர் சிறுபிள்ளை. அவனை வளர்த்துப் படிக்கவைத்து பிரான்சிலுள்ள மார்சேய்க்கு அனுப்பியது அந்த அடுப்புதான்.

அவள் புருஷன் சான்ஃபி மலைமேலுள்ள ஊர்க்காரர். வாலிப வயதில் மூட்டையோடு வந்தவர். மரத்தடியில் உட்கார்ந்து தொப்பிக்குப் பூவேலை தைப்பார். நல்ல கை. கெட்டவர் இல்லை, சோம்பேறி இல்லை, அவளை அடித்ததில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு இருந்த ஒரே குறை, அவருடைய அக்கா மகன் அவருக்கு முந்திப் பெரிய கல்யாணம் செய்துகொண்டுவிட்டான். சின்னவர்கள் பெரியவர்களுக்குக் கைகுவித்துச் சொல்லும் ‘க்வேஸி’யை, மூக்கு ஒழுகத் தான் தூக்கி வளர்த்த பயலுக்கு இவர் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் மேடையில் உட்கார்ந்தபடி, பெரியவர்கள் பதிலுக்குச் சொல்லும் ‘ம்போனா’வைச் சொல்லித் தலையை ஆட்டினான். அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று. மலையில் அவருக்கிருந்த கிராம்புத் தோப்பை விற்றார்.

அவர் கமாரியாவிடம் விஷயத்தைச் சொன்னபோது நான் மீனுக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கமாரியா, எங்க ஊர்ல பெரிய கல்யாணம் முடிவாயிடுச்சு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

துருவுகிற கை நிற்கவில்லை. "பொண்ணு?"

"ஒரு சின்னப் பொண்ணு. எல்லாம் பேருக்குத்தான். சொந்த ஊர்லதான் கட்டணும்னு வழக்கம், உனக்குத் தெரியாததா? அங்கயும் இருப்பேன், இங்கயும் இருப்பேன். இனிமே நீ முழு மனுஷனோட பொண்டாட்டி. உனக்கும் பெருமைதானே?"

"அப்போ இத்தனை வருஷமா அரை மனுஷனுக்கா ஆக்கிப் போட்டேன்? எந்தப் பாதிய்யா தின்னுச்சு, மேல் பாதியா, கீழ் பாதியா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. சான்ஃபி என்னை முறைத்தார்.

"தாராளமா போ. நான் தடுக்கல," என்றாள் கமாரியா. "ஆனா போனா போனதுதான். ஒரு மூட்டைக்கு ரெண்டு வீடு கிடையாது."

அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் இப்படிக் கத்தாத பெண் இல்லை. கத்துவார்கள், அழுவார்கள், பிறகு புருஷன் சரிகை அங்கியோடு திரும்பி வரும்போது பிலாவ் ஆக்கிவைத்துக் காத்திருப்பார்கள். ஆண்கள் எல்லோரும் அந்த நம்பிக்கையில்தான் மாப்பிள்ளை ஆகிறார்கள். சான்ஃபியும் போனார்.

அவர் புதுப்பெண் வீட்டில் விருந்துச் சோறு தின்றுகொண்டிருந்த சமயத்தில்தான் நான் மால்கோஷாவை ஏற்றிவந்தேன். போலந்துக்காரி, பனைமர உயரம், மலையில் ஆந்தைகளைப் படமெடுக்க வந்தவள். கடற்கரை ஓட்டல் பூட்டிக் கிடந்தது. மழையோ கொட்டித் தீர்த்தது. வேறு வழி தெரியாமல் கமாரியா வாசலில் நிறுத்தினேன். அவள் மால்கோஷாவை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இவளுக்குக் கட்டில் பத்துமா?" என்று மட்டும் கேட்டாள். புருஷன் படுத்த அறையைத் திறந்துவிட்டாள். கடலைப் பார்த்த அறை, வீட்டிலேயே காற்று வரும் அறை. இப்படித்தான் எங்கள் ஊருக்கு ஒரு விருந்தினர் விடுதி வந்தது.

சான்ஃபி திரும்பி வந்தபோது கூடவே மேளம், நாலைந்து சினேகிதர்கள். தோளில் சரிகை அங்கி, தலையில் பாகை. கமாரியா வாசற்படியில் நின்றாள்.

"உன் மூட்டை மரத்தடியில இருக்கு. செருப்பைத் தேட வேணாம், அதையும் உள்ள வச்சுக் கட்டியிருக்கேன்."

மேளக்காரன் ஒரு அடி அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கதவு சாத்தப்பட்டது. முழு மனிதர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறியதை ஊரே பார்த்தது. உண்மையைச் சொன்னால், பெண்கள் சமையலறைச் சன்னல்களில் கூடி நின்று பார்த்தார்கள்.

அந்தச் சன்னல்கள்தான் எங்கள் பெரியவர்களுக்குக் கிலி கொடுத்தன. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பங்க்வேயில் கூடினார்கள். தலைமைப் பெரியவர் சொய்லிஹி. கைத்தடியைத் தரையில் தட்டாமல் அவருக்கு ஒரு வாக்கியம் வராது.

"ஒரு முழு மனுஷனை வாசல்ல நிக்கவச்சு மூட்டையைக் காட்டியிருக்கா. புருஷன் படுத்த கட்டில்ல ஊர் பேர் தெரியாதவங்களைப் படுக்க வச்சிருக்கா. இன்னைக்கு இவ வீடு. நாளைக்கு?"

நாளைக்கு உன் வீடு என்று சொல்ல நாக்கு துடித்தது. பையன்கள் பேசக் கூடாதே. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தீர்ப்பு இது: கமாரியாவை ஊர் தள்ளிவைக்கிறது. யாரும் அவளுக்கு ஸலாம் சொல்லக் கூடாது. அவள் வீட்டில் கை நனைக்கக் கூடாது. அவள் வாசற்படியைத் தாண்டக் கூடாது. எந்த வண்டியும் அவள் வீட்டின் முன் நிற்கக் கூடாது. சான்ஃபியை உள்ளே விட்டு, வெளியூர் ஆட்களை வெளியே அனுப்பும் வரை இதுதான்.

செய்தியைப் போய்ச் சொல்லவும் தடை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் சுட்ட மீன் அப்படியே ஆறிக் கிடந்தது. ஒருத்தரும் வாங்கவில்லை. அவள் எல்லாவற்றையும் பூனைக்குப் போட்டுவிட்டு, "ஊர்ல ஒரே ஒரு முழு ஜீவன் இதுதான்," என்று சாலைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

பயணிகளை நான் தொடர்ந்து கொண்டுவந்தேன். நிற்கக் கூடாது என்றுதானே உத்தரவு? வளைவில் வண்டியை மெதுவாக்குவேன், கதவைத் திறந்துவிடுவேன், அவர்கள் பையோடு குதிப்பார்கள். அவர்களுக்கு அது தீவின் வழக்கம் என்று தோன்றியிருக்கும். கைதட்டிச் சிரித்துக்கொண்டு குதிப்பார்கள். சொய்லிஹி ஒருநாள் கைத்தடியால் என் பானெட்டைத் தட்டினார்.

"டேய் இபுரோய்! அங்க வண்டி நின்னுச்சா?"

"நிக்கலியே பெரியவரே. எஞ்சினுக்கு வயசாயிடுச்சு, அந்த வளைவுல மூச்சு வாங்குது."

"எனக்கே காது குத்துறியா?"

"அல்லா மேல சத்தியமா நிக்கல. சக்கரம் சுத்துனதை நீங்களே பார்த்திருப்பீங்க."

ஊர் செய்யாததையெல்லாம் அந்த வெளியாட்கள் செய்தார்கள். யாருக்கும் தடை பற்றித் தெரியாது. காலையில் அவளுக்கு ஸலாம் சொன்னார்கள், அவள் ஆக்கிய மத்தாபாவை, தேங்காய்ப்பாலில் வெந்த மரவள்ளி இலையை, விரல் நக்கிச் சாப்பிட்டார்கள். மால்கோஷா ஆந்தைக்காக மறுபடி மறுபடி வந்தாள். தொட்டியிலிருந்து தண்ணீர் இறைத்துத் தலையில் வைத்து நடக்கப் பழகிப் பாதியைத் தன் மேலேயே ஊற்றிக்கொள்வாள். கமாரியா திட்டுவாள். அவள் போலந்து மொழியில் பதில் திட்டுவாள். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

இதையெல்லாம் சொல்லும்போது ஏதோ விளையாட்டாக இருந்தது போலத் தெரியும். விளையாட்டில்லை. கமாரியாவின் சித்தி மகள் இறந்தாள். கூடப்பிறந்தவள் மாதிரி, ஒரே பாயில் வளர்ந்தவர்கள். கமாரியா சாவு வீட்டுக்குப் போனாள். பெண்கள் உட்கார்ந்திருந்த பாயில் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் வெளியே வந்து, வீட்டின் எதிரே கிடந்த கரும்பாறையில் உட்கார்ந்து, வெயிலில், தனியாக, வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் எனக்கு முழு மனிதர்கள் மேல் இருந்த மரியாதை மொத்தமும் போனது. இன்றுவரை திரும்பவில்லை.

ஆகஸ்ட் மாதம் பிரான்சிலிருந்து ஆட்கள் வந்து குவிவார்கள். அந்த ஆண்டு தோய்ஹிரும் வந்தான். மார்சேயில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவி, பிறகு சமையல்காரனாகி, வாலிபத்தை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். பெரிய கல்யாணத்துக்காகத்தான் வந்தான். எங்கள் ஊரிலேயே பெண். ஊரே நாக்கில் எச்சில் ஊறக் காத்திருந்த கல்யாணம். அக்கா வீட்டுப் படியைத் தாண்டினால் ஊர்க் குற்றம் என்பதால் சொய்லிஹி அவனைத் தன் வீட்டில் தங்கவைத்துக்கொண்டார். விமான நிலையத்திலிருந்து அவனை நான்தான் கொண்டுவந்தேன். வளைவில் வண்டியை மெதுவாக்கினேன். அவன் குதிக்கவில்லை. கண்ணாடிக்கு மறுபக்கம் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லாம் ஏற்பாடாகி, மாடுகள் வந்து இறங்கிய பிறகு, பெண்ணின் தாய் ரூகியா ஒரு கேள்வி கேட்டாள்.

"மாப்பிள்ளை எந்த வீட்டுலேர்ந்து புறப்படுறார்?"

சொய்லிஹி மார்தட்டிக்கொண்டார். "என் வீட்டுலேர்ந்துதான்."

"நீங்க என்ன அவரைப் பெத்தீங்களா? மாப்பிள்ளைன்னா அம்மா வீட்டு வாசல்லேர்ந்துதான் வரணும். முழு மனுஷங்க உள்ள போய்க் கைபுடிச்சு அழைச்சுட்டு வரணும். வாடகைக்கு இருந்தவன் மாதிரி யார் வீட்டுலேர்ந்தோ வர்றவனுக்கு என் பொண்ணைத் தர மாட்டேன்."

அம்மா வீடு கமாரியாவின் வீடு. வேறு கிடையாது. ஒரு ஆண் முழு மனிதனாக வெளியே வரக்கூடிய ஒரே வாசலை, அந்த முழு மனிதர்களே கூடித் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். அவ்வளவு மேடைகள், அவ்வளவு தாடிகள், ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. நான் அன்று வண்டிக்குள் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் சாயங்காலம் தூது போனார்கள். தூதிலும் ஒரு சிக்கல்: அவளோடு பேசினால் தடை உடையும். அதனால் என்னைக் கூட்டிப்போனார்கள். "நீ பேசலாம்டா, நீ சேர்த்தி இல்ல," என்றார் சொய்லிஹி. சுவருக்கு வெளியே அவரும் இன்னும் மூன்று பெரியவர்களும். உள்ளே நாலு எட்டில் கமாரியா. நடுவில் நான்.

"இபுரோய், அவகிட்ட சொல்லு. தம்பி கல்யாணத்துக்குக் கதவைத் திறக்கணும்னு."

"அக்கா, தம்பி கல்யாணத்துக்குக் கதவைத் திறக்கணுமாம்."

"எனக்குக் காது கேக்குது இபுரோய். அவருகிட்ட சொல்லு, என் தம்பிக்கு இந்தக் கதவு எப்பவும் திறந்துதான் கிடக்கு. அவங்களும் வரலாம். வந்து உக்காந்து சாப்பிடலாம்."

சொய்லிஹியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. கைத்தடியைத் தட்டினார். "அப்போ அன்னைக்கே சான்ஃபியும் உள்ள வருவார். வெளியாளு போயிடணும். அன்னைக்கோட எல்லாத்தையும் மன்னிச்சுடுறோம்னு சொல்லு."

நான் அதைச் சொல்லவில்லை. கமாரியாவே பதில் சொன்னாள்.

"சான்ஃபி என் தம்பியும் இல்ல, விருந்தாளியும் இல்ல. வர முடியாது. மன்னிப்பை மடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"சான்ஃபி வராம நாங்க யாரும் இந்தப் படியை மிதிக்க மாட்டோம். நாங்க மிதிக்கலேன்னா கல்யாணம் கிடையாது. அதையும் சொல்லு."

"கேட்டுச்சு," என்றாள் கமாரியா. குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது.

அவர்கள் போனதும் தோய்ஹிர் வந்தான். சுவரோரம் சற்று நேரம் நின்றான். பிறகு படியைத் தாண்டி முற்றத்துக்குள் வந்துவிட்டான். அக்கா தட்டில் மத்தாபா வைத்தாள். அவன் தொடவில்லை. நான் எழுந்து போகப் பார்த்தேன். "நீ உக்காரு," என்றாள் அவள்.

"அக்கா, ஒரே ஒரு நாள். ஒரு நாள் அவரை உள்ள விடு. கல்யாணம் முடிஞ்சதும் நானே அவர் மூட்டையைத் தூக்கி வெளிய போடுறேன்."

"ஒரு நாள் அவங்க சொல்லித் திறந்தா, அதுக்கப்புறம் அது அவங்க கதவு தோய்ஹிர்."

"இதுக்காகத்தான் நான் அங்க நாய் மாதிரி உழைச்சேன். உனக்குத் தெரியாதா? ஊர்ல தலை நிமிர்ந்து நிக்கணும்னு ஒரே ஒரு ஆசை. அதுல போய் மண்ணை அள்ளிப் போடுறியே. உன் கோபத்துக்கு என் வாழ்க்கையா தீனி?"

அவள் முகம் கறுத்துவிட்டது. இந்த ஊரில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ரத்தம் அவன். அவன் வெறுத்தால் அவளுக்கு யாரும் இல்லை. அது எனக்கே தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"நீ என்னைத் திட்டு," என்றாள். "உனக்கு அந்த உரிமை இருக்கு. செத்தாலும் வராதேன்னு சொல்லிட்டுப் போ, அதையும் தாங்கிக்குவேன். ஆனா அந்த ஆளுக்குக் கதவைத் திறக்க மாட்டேன். சித்தி மக செத்தப்ப எனக்குப் பாயில இடம் தரலடா. அப்பக்கூடத் திறக்கல."

"யாரு தரல?"

"யாரும்."

மார்சேயில் அவனுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று தலையசைத்தேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். சாப்பிட்டு முடித்து, "எனக்கு எங்க பாய் போடுற?" என்று கேட்டான்.

கல்யாண நாள் வந்தது. மாடுகள் அறுபட்டாயிற்று, இறைச்சி வெந்துகொண்டிருந்தது, வாசனை ஊர் முழுக்க. கமாரியா வீட்டுச் சுவருக்கு வெளியே முழு மனிதர்கள் எல்லோரும் சரிகை அங்கிகளில் திரண்டு நின்றார்கள். நடுவில் சான்ஃபி. அவளைப் பணியவைக்க அவரைத்தான் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பாவம், அவருக்கு வியர்த்துக் கொட்டியது. மேளக்காரர்கள் நிழலில் குந்தியிருந்தார்கள். நாங்கள், பையன்கள், அண்டாக்களோடு ஓரத்தில். உள்ளே தோய்ஹிர் மாப்பிள்ளைக் கோலத்தில் தயாராக இருந்தான். அவனுக்குப் பாகை கட்டிவிட ஆள் இல்லாமல், அப்போது அங்கே தங்கியிருந்த மால்கோஷாதான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டாளாம். அதனால் பாகை கொஞ்சம் கோணலாக இருந்தது.

உள்ளே போய் அவனைக் கைபிடித்து அழைத்துவர வேண்டியவர்கள் யாரும் அசையவில்லை. வெயில் ஏறியது. சொய்லிஹி கைத்தடியை ஊன்றி வாயிலின் நடுவே நின்றார். பெண் வீட்டு மாடியிலிருந்து ரூகியா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறைச்சி குழைந்துவிடுமே என்று முழு மனிதர் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் முணுமுணுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கதவு திறந்தது. கமாரியா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் ஒரு மாப்பிள்ளையை அப்படி வாசலுக்கு அழைத்து வந்ததில்லை. முகத்தில் புதிதாக அரைத்த சந்தனம். நேராக வந்து சொய்லிஹியின் முன்னால் நின்றாள். தூதுக்கு என்னைக் கூப்பிடவில்லை.

"வழி விடுங்க பெரியவரே. எங்க அம்மா பெத்த பிள்ளை அவ வீட்டுலேர்ந்து வெளிய வர்றான்."

"இது வழக்கமில்ல..." என்று ஆரம்பித்த சொய்லிஹி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அவளோடு பேசிவிட்டார்! ஊரே கேட்டது. பையன்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தான். அவன் யார் என்று கேட்காதீர்கள்.

"வழக்கமில்லதான்," என்றாள் கமாரியா. "நீங்க உள்ள வந்திருந்தா வழக்கப்படி நடந்திருக்கும்."

தோய்ஹிர் அக்காவின் கையை விடவில்லை. பெரியவரின் கைத்தடியைத் தன் கையாலேயே மெல்ல ஒருபக்கம் நகர்த்தினான்.

அப்போது மாடியிலிருந்து ரூகியா குலவையிட்டாள். அவளுக்கும் மகள் கல்யாணம் நடந்தாக வேண்டுமே! அவளைத் தொடர்ந்து சமையலறைகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குலவையிட்டார்கள். பாயில் நகர்ந்து இடம் கொடுக்காத அதே பெண்கள்தான். மேளக்காரன் யார் உத்தரவுக்கும் காத்திராமல் அடிக்க ஆரம்பித்தான். சொய்லிஹி விலகினார். கமாரியாவும் தோய்ஹிரும் முன்னால் நடக்க, முழு மனிதர்கள் எல்லோரும் பின்னால் நடந்தார்கள். வேறென்ன செய்வார்கள், இறைச்சி அங்கேதானே இருந்தது.

தோய்ஹிர் மார்சேய்க்குத் திரும்புவதற்கு முன் பங்க்வே மேடையில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை பேசினான். தன் அக்கா மேல் போட்ட தடை எப்போது நீங்கும் என்று கேட்டான். முழு மனிதன் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? சொய்லிஹி கமாரியா வீட்டுக்கு வந்து, சுவருக்கு வெளியே நின்று, தடை நீங்கியது என்றார். "வேணாம், இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் அவள். "அது இருந்தப்பதான் வீடு அமைதியா இருந்துச்சு." அதனால் அந்தத் தடை நீங்கியதா இல்லையா என்று இன்றும் எங்களுக்குத் தெரியாது. எல்லோரும் அவள் வீட்டில் மீன் வாங்கித் தின்கிறார்கள்.

சான்ஃபி மட்டும் மலைமேல் வாடிப்போனார். அந்த இளம்பெண் வீட்டில் அவரை மரியாதையாகத்தான் வைத்திருந்தார்களாம். ஆனால் முழு மனிதர் தொப்பி தைக்கக் கூடாது என்று ஊசியைப் பிடுங்கி வைத்துவிட்டார்களாம். மழைக்காலம் ஆரம்பிக்கும் சமயம் ஒரு காலையில் அவர் பையோடு சாலையில் நின்று என் வண்டியை மறித்தார். வழியில், அவள் வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார், இல்லை என்றேன். இப்போது வளைவில் நான் வண்டியை நிறுத்தித்தான் இறக்குவேன். நிறுத்தினேன்.

அந்த வாரம் பயணிகள் யாரும் இல்லை. கமாரியா முற்றத்திலேயே ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தாள். காப்பி கொடுத்தாள், வாழைக்காய் சுட்டுக் கொடுத்தாள். மலையில் மழை எப்படி என்று விசாரித்தாள். அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, கடலைப் பார்த்த அந்த அறையின் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"விருந்தாளி யாரும் இல்லேன்னு இபுரோய் சொன்னான். அந்த அறை காலிதானே?"

"இல்ல," என்றாள் கமாரியா. "அதுல ஆள் இருக்கு."

"யாரு?"

"நான்."